கார்டினல் டெட்ராவும் வெள்ளம் புகும் காடும்

வண்ணமீன் வளர்ப்போரிடையே கார்டினல் டெட்ரா அளவுக்கு விரும்பப்படும் நன்னீர் மீன்கள் மிகச் சிலவே. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது அரிதான இம்மீனின் மூக்கு நுனியிலிருந்து முதுகின் பின்பகுதியிலுள்ள சிறு கொழுப்புத் துடுப்பு வரை நீலமும் பச்சையும் கலந்த ஒரு பட்டை ஒளிர்கிறது. அதற்குக் கீழே தலை முதல் வால் வரை செந்நிறம் படர்ந்திருக்கிறது. இதன் நெருங்கிய உறவான நியான் டெட்ராவுக்குச் சிவப்பு உடலின் பின்பாதியில் மட்டுமே உண்டு என்பதால் இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம். இந்த அளவுக்கு மீன் வளர்ப்போர் அனைவரும் அறிவர். ஆனால் உலகெங்கும் விற்பனையான கார்டினல்களில் பெரும்பங்கு, பல பத்தாண்டுகளாக, அமேசான் படுகையின் காட்டோடைகளிலிருந்து கைவலையால் பிடிக்கப்பட்டவை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காட்டுயிரைப் பிடித்து விற்கிறார்கள் என்றதும் நமக்குள் எழும் எதிர்ப்பு இயல்பானது, பல இனங்களின் விஷயத்தில் நியாயமானதும்கூட. இந்த மீனின் விஷயத்தில் அது ஏன் அப்படியே பொருந்தாது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், மீனிலிருந்து அல்ல, அது வாழும் நீரிலிருந்து தொடங்க வேண்டும்.

கார்டினல் டெட்ராவின் தாயகம் ஓரினோக்கோ ஆற்றின் மேற்பகுதியும் ரியோ நீக்ரோ ஆற்றுப் படுகையும் ஆகும். பிரேசில், வெனிசுவேலா, கொலம்பியா ஆகிய மூன்று நாடுகளில் அது பரவியுள்ளது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, பிரேசிலின் மனாஸ் நகருக்கு அருகே, அமேசானின் மேற்பகுதியான சோலிமோயிஸ் ஆற்றுடன் கலக்கும் ரியோ நீக்ரோ, உலகின் கருநீர் ஆறுகளில் மிகப் பெரியது. அங்கே சோலிமோயிஸின் மண்கலந்த வெளிர்நீரும் ரியோ நீக்ரோவின் கருநீரும் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தொலைவுக்கு ஒன்றோடொன்று கலவாமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அமேசான் நீர்களை வெண்ணீர், நீலநீர், கருநீர் என முதலில் வகைப்படுத்தியவர்களில் ஒருவர் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். 1850 முதல் 1852 வரை ரியோ நீக்ரோவில் பயணம் செய்த அவருடைய சேகரிப்பின் பெரும்பகுதி, ஊர் திரும்பும் வழியில் கப்பல் தீயில் அழிந்தபோதும், அந்த ஆற்றின் மீன்களை அவர் வரைந்த பென்சில் ஓவியங்கள் தப்பின.

நீரின் கருமைக்குக் காரணம் அழுக்கு அன்று. இந்த ஆற்றின் கிளைகள் பல, மிகப் பழமையான பாறைகள் தேய்ந்து உருவான வெண்மணல் நிலங்களின் வழியே வடிகின்றன. உதிர்ந்த இலைகளும் மரக்கட்டைகளும் மக்கும்போது வெளிப்படும் ஹியூமிக், ஃபல்விக் அமிலங்களைப் பற்றி நிறுத்தக்கூடிய களிமண் அந்நிலங்களில் மிகக் குறைவு. ஆகவே அவை வடிகட்டப்படாமல் அப்படியே ஓடைகளைச் சேர்கின்றன. ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளிப் பார்த்தால், பாலில்லாத தேநீரைப் போன்ற தெளிந்த பழுப்பு நிறம் தெரியும். அதே மணல் நிலம் தாது உப்புகளையும் அதிகம் தருவதில்லை. விளைவாக, இந்நீரின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) பெரும்பாலும் நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் நிற்கிறது, சில ஓடைகளில் நான்குக்கும் கீழே இறங்குகிறது. கரைந்துள்ள உப்புகளின் அளவோ காய்ச்சி வடித்த நீரை நெருங்கும் அளவுக்குச் சொற்பம். பிஎச் ஏழிலிருந்து நான்குக்கு இறங்குவது அமிலத்தன்மை ஆயிரம் மடங்கு கூடுவதற்குச் சமம் என்பதை நினைவில் கொண்டால், இது எவ்வளவு கடுமையான சூழல் என்பது விளங்கும்.

நன்னீர் மீன் ஒவ்வொன்றும் தன் உடலிலுள்ள சோடியம், குளோரைடு அயனிகளைச் செவுள்களின் வழியே ஓயாமல் இழந்துகொண்டே இருக்கிறது. இழந்ததைச் சுற்றியுள்ள நீரிலிருந்து ஈடுசெய்தால்தான் அது பிழைக்க முடியும். அமிலத்தன்மை கூடும்போது பெரும்பாலான மீன்களில் செவுள் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்து இழப்பு பெருகுகிறது, அதே வேளையில் அயனிகளை உள்ளிழுக்கும் செயலும் தடைபடுகிறது. நியான் டெட்ராவையும் ரியோ நீக்ரோவின் பிற மீன்களையும் ஆராய்ந்தவர்கள், கால்சியம் ஏறத்தாழ இல்லாத அமில நீரிலும் இவற்றின் செவுள்கள் இறுக்கம் குலையாமல் இருப்பதையும், சோடியத்தைக் கவர்ந்திழுக்கும் அமைப்பு மிகக் குறைந்த செறிவிலும் திறம்பட இயங்குவதையும் கண்டறிந்தார்கள். நீரைக் கருமையாக்கும் அதே கரிமப் பொருள்கள் செவுளின் மேற்பரப்பில் படிந்து அயனி இழப்பைக் குறைக்க உதவுகின்றன என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. வெளியிலிருந்து பார்க்கையில் வளமற்றதாகவும் பகைமையானதாகவும் தோன்றும் இந்த நீரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன் இனங்கள் வாழ்கின்றன. சத்துக்குறைவான இந்த ஆற்றைச் சிலர் பசியின் ஆறு என்றழைத்ததுண்டு; பயிருக்கும் குடியேற்றத்துக்கும் அந்தப் பெயர் ஓரளவு பொருந்தலாம், மீனினங்களின் செழிப்புக்குப் பொருந்தாது.

கார்டினலின் நிறத்தையும் இந்த நீரோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அதன் நீலப்பட்டையில் நீல நிறமி எதுவும் இல்லை. தோலிலுள்ள சிறப்பு அணுக்களுக்குள் குவானின் என்னும் நிறமற்ற பொருளின் படிகத் தகடுகள் நுண்ணிய இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளன. அந்த அடுக்குகள் குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்புவதால் நாம் நீலத்தைக் காண்கிறோம். இரவில் இந்தப் பட்டை மங்கி ஊதாச் சாயலுக்கு மாறிவிடுகிறது, வெளிச்சம் வந்ததும் மீண்டும் துலங்குகிறது. இரைகொல்லிகள் நிறைந்த இடத்தில் இத்தனை பகட்டான பட்டை ஏன் என்ற கேள்விக்கு, நியான் டெட்ராவை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். இருண்ட நீரில் இப்பட்டையின் பிரதிபலிப்பு நீர்மேற்பரப்பின் அடிப்பக்கத்தில் தெளிவாக விழுகிறது. தாக்க வரும் மீன் உண்மை உடலுக்குப் பதிலாக அந்தப் பிம்பத்தைக் குறிவைக்கக்கூடும் என்பதே அது. கருநீரில் இந்த விளக்கம் பொருந்திவருகிறது. வெளிச்சமான கண்ணாடித் தொட்டியில் இதே பட்டை வெறும் அலங்காரமாகத் தெரிவது மீனின் குறையன்று.

இனி, இம்மீனின் வாழ்வை எல்லா வகையிலும் ஆளும் ஒன்றுக்கு வருவோம். ரியோ நீக்ரோ ஆண்டுக்கு ஒருமுறை பெருகி ஒருமுறை வடிகிறது. மனாஸில் உச்ச நீர்மட்டத்துக்கும் தாழ்ந்த நீர்மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு சராசரியாக ஏறத்தாழ பத்து மீட்டர். வழக்கமாக ஜூன் மாதத்தையொட்டி நீர் உச்சத்தை எட்டுகிறது, அக்டோபர், நவம்பர் மாதங்களில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. நீர் ஏறும்போது கரையோரக் காடுகள் பல மாதங்கள் வெள்ளத்தில் நிற்கின்றன. கருநீர் புகும் இக்காடுகளுக்கு அங்குள்ளோர் வைத்த பெயர் இகாப்போ. இகாப்போ மரங்கள் வேர்களை நீரில் அமிழ்த்தியபடியே காய்க்கின்றன. மீன்கள் கிளைகளுக்கும் இலைகளுக்கும் நடுவே நீந்துகின்றன.

வறண்ட காலத்தில் இகரப்பே எனப்படும் குறுகிய காட்டோடைகளில் ஒடுங்கியிருக்கும் கார்டினல்கள், நீர் ஏறத் தொடங்கியதும் புதிதாக மூழ்கிய காட்டுத் தரைக்குப் பரவுகின்றன. அங்கேதான் உணவும் மறைவிடமும் கிடைக்கின்றன. நுண்ணிய ஓட்டுடலிகள், பூச்சிகளின் இளம்புழுக்கள், பாசி ஆகியவற்றை இம்மீன்கள் உண்கின்றன. மிதக்கும் வேர்கள், மூழ்கிய சருகுகள், உடைந்த கிளைகள் என எல்லாமே அந்தச் சிற்றுயிர்கள் தங்கும் பரப்பாகின்றன. நீரில் மிதந்து வாழும் நுண்ணிய பாசிகள் செழிக்கப் போதிய சத்து இல்லாததால், இந்த உணவுச் சங்கிலியின் அடித்தளம் காட்டிலிருந்து விழும் இலைதான் என்று சொன்னால் மிகையாகாது. மரம் இல்லையென்றால் இங்கே மீனுக்கு உணவில்லை.

முட்டைகளும் இந்த நீருக்கேற்பவே அமைந்துள்ளன. மிக மென்மையான, அமிலத்தன்மையுள்ள நீரில்தான் அவை நன்கு வளர்கின்றன. ஒளியைத் தாங்கும் திறன் அவற்றுக்குக் குறைவு. சுமார் ஒரு நாளில் பொரியும் குஞ்சுகள் மேலும் சில நாள்களில் நீந்தத் தொடங்கிவிடுகின்றன. தொட்டியில் இம்மீனை இனப்பெருக்கம் செய்விப்பது நெடுங்காலம் கடினமாக இருந்ததற்கு, இந்த மங்கிய, உப்பற்ற நீரைச் செயற்கையாக உருவாக்குவதிலிருந்த சிக்கலே முதன்மைக் காரணம்.

பிறகு நீர் வடிகிறது. ஓடைகள் சுருங்குகின்றன, தாழ்ந்த நிலங்களில் தேங்கிய குட்டைகள் துண்டிக்கப்படுகின்றன. ஓடைக்குத் திரும்ப இயலாத மீன்கள் வெப்பத்தாலும் ஆக்சிஜன் குறைவாலும் மடிகின்றன. திரும்பியவை குறுகிய இடத்தில் நெருக்கப்பட்டு, பெரிய மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. தொட்டியில் நான்கைந்து ஆண்டுகள் வாழக்கூடிய இதே மீன், இயற்கையில் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் வாழ்வதில்லை. ஒவ்வொரு வெள்ளத்திலும் பெருமளவில் பிறந்து, ஒவ்வொரு வறட்சியிலும் பெருமளவில் அழிந்து, எஞ்சிய சிறு பங்கிலிருந்து மீண்டும் பெருகும் இனம் இது. இந்தக் கணக்கைப் பார்க்காமல் இம்மீன்பிடிப்பைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது.

மனாஸிலிருந்து ஆற்றின் மேல்நோக்கிச் சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பார்செலோஸ் என்ற சிறுநகரமே இந்த மீன்பிடிப்பின் மையம். 1950களின் நடுப்பகுதியில் ஏற்றுமதி தொடங்கியது. அறிவியல் உலகுக்கு இம்மீன் அறிமுகமானதும் அதே காலத்தில்தான். லியோனார்ட் ஷுல்ட்ஸ் எழுதிய விவரிப்பு 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதியிட்டும், ஜார்ஜ் மையர்ஸும் ஸ்டான்லி வைட்ஸ்மனும் வேறொரு பெயரில் எழுதிய விவரிப்பு அதற்கு மறுநாள் தேதியிட்டும் வெளியாயின. ஒரே ஒரு நாள் வித்தியாசம் விலங்கியல் பெயரிடலுக்கான அனைத்துலக ஆணையம் வரை சென்று, முந்திய பெயரே நிலைத்தது. மீன் வணிகரும் பதிப்பாளருமான ஹெர்பர்ட் ஆக்சல்ராடின் பெயரைத் தாங்கி, இம்மீன் இன்று பாராகைரோடான் ஆக்செல்ரோடி என்று வழங்குகிறது.

சிறு மீன்களைப் பிடித்து வாழும் பார்செலோஸ் மக்களுக்குப் பியாபெய்ரோ என்று பெயர். சிறு ஓடத்தில் ஓடைக்குள் நுழைந்து, துடுப்பால் மெல்ல விரட்டி, கூட்டத்தை ரப்பிஷே என்னும் அகன்ற கைவலைக்குள் செலுத்துவது அவர்கள் முறை. இரை வைத்த பொறிகளும் உண்டு. பிடித்த மீன்கள் ஆழமற்ற நெகிழித் தட்டுகளிலும் ஆற்றிலேயே கட்டிய வலைக் கூண்டுகளிலும் வைக்கப்பட்டு, படகில் மனாஸ் சென்று, அங்கிருந்து வானூர்தியில் உலகெங்கும் போகின்றன. இதில் எந்த இடத்திலும் மரம் வெட்டப்படுவதில்லை, ஆற்றில் நஞ்சு கலக்கப்படுவதில்லை. 1990களில் இப்பகுதியிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி உயிருள்ள மீன்கள் ஏற்றுமதியாயின. அவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் கார்டினல் டெட்ராக்கள். பார்செலோஸின் வருவாயில் ஏறத்தாழ 60 விழுக்காடு இத்தொழிலிலிருந்தே வந்ததாக மதிப்பிடப்பட்டது. 1994ஆம் ஆண்டு முதல் அந்நகரில் வண்ணமீன் திருவிழா ஒன்று நடந்துவருகிறது; மக்கள் கார்டினல் அணி, டிஸ்கஸ் (மற்றொரு வண்ணமீன்) அணி என இரண்டாகப் பிரிந்து போட்டியிடுகிறார்கள்.

அமேசானாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிங் லாபிஷ் சாவ் என்னும் மீனியலாளர் 1989ஆம் ஆண்டளவில் தம் மாணவர்களோடு இங்கே ஆய்வைத் தொடங்கினார். அதிலிருந்து பியாபா திட்டம் உருவாயிற்று. அவர்கள் எட்டிய முடிவு, காட்டு மீன் வணிகத்தை நிறுத்தினால் காடு பாதுகாக்கப்படும் என்ற பொதுக் கருத்துக்கு நேர் எதிரானது. வறட்சியில் எப்படியும் மடியப்போகும் மீன்களின் ஒரு பகுதியே பிடிபடுகிறது. வெள்ளக்காட்டின் பரப்போடு ஒப்பிட்டால் ஓடங்கள் எட்டக்கூடிய ஓடைகள் மிகக் குறைவு. அந்த வருவாய் நீடிக்கும்வரை, காட்டை எரித்து மேய்ச்சல் நிலமாக்கவோ மரம் வெட்டவோ தங்கம் தோண்டவோ மக்களுக்குத் தேவை எழுவதில்லை. ஒரு மீனை வாங்குவது ஒரு மரத்தைக் காப்பது என்னும் அத்திட்டத்தின் முழக்கம் விளம்பர வாசகமாகத் தோன்றினாலும், அதன் அடியிலுள்ள தர்க்கம் உறுதியானது என்றே நான் கருதுகிறேன். அரை நூற்றாண்டுக்கு மேல் கோடிக்கணக்கில் பிடிக்கப்பட்ட பின்பும் இம்மீன் அருகிவிடவில்லை என்பது அதற்கு வலுவான சான்று.

இந்தத் தர்க்கத்தை எல்லா மீன்களுக்கும் நீட்டிக்கக்கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அதே பிரேசிலில், ஷிங்கு ஆற்றின் ஒரு குறுகிய பகுதியில் மட்டும் பாறை இடுக்குகளில் வாழும் வரிக்குதிரைப் பிளெக்கோ என்னும் மீன் குறைவான முட்டைகளையே இடுகிறது, மெல்ல வளர்கிறது. பெலோ மோன்ட்சி அணை அதன் வாழிடத்தையே மாற்றிவிட்டது. அதைப் பிடிக்கத் தடை இருந்தும் கடத்தல் நீடித்ததால், 2022ஆம் ஆண்டில் அது, அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு மீனும் இழப்பு. குறுகிய வாழ்நாள், பெருமளவு இனப்பெருக்கம், பரந்த வாழிடம் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால்தான் கார்டினலின் கணக்கு வேறாகிறது.

பார்செலோஸ் வணிகத்திலும் குறைகள் உண்டு, அவற்றை மறைப்பது அந்த மக்களுக்கு நன்மை செய்வதாகாது. ஓடத்தில் செல்பவருக்கும் மனாஸ் ஏற்றுமதியாளருக்கும் இடையில் முதலாளி ஒருவர் இருக்கிறார். அவர் உணவையும் எரிபொருளையும் கடனாகக் கொடுத்து, மீனாகத் திரும்பப் பெறுகிறார். அமேசானில் ரப்பர் வணிகம் கொழித்த காலத்திலிருந்து தொடரும் இந்தக் கடன்முறையில் கணக்கு பெரும்பாலும் முதலாளியின் பக்கமே சாய்கிறது. கடைத் தொட்டியில் ஒரு மீனுக்குக் கொடுக்கப்படும் விலையில் மிகச் சிறிய துளியே பிடித்தவர் கைக்குப் போகிறது. நீண்ட பயணத்தில் மோசமான கையாளுதலால் மீன்கள் இறப்பதும் உண்டு, நீரை மாற்றும் முறையையும் நெரிசலையும் சரிசெய்தாலே இதைப் பெருமளவு குறைக்கலாம்.

ஆனால் பியாபெய்ரோக்களின் தொழிலை நெருக்கியது இக்குறைகள் அல்ல, பண்ணைகள். செக் நாட்டு வளர்ப்பாளர்களும் தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளும் கார்டினலைப் பெருமளவில் இனப்பெருக்கம் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு, ஆண்டு முழுவதும் ஒரே அளவில் கிடைக்கும் பண்ணை மீன் சந்தையைப் பிடித்துக்கொண்டது; ரியோ நீக்ரோவின் ஏற்றுமதி வீழ்ந்தது. பண்ணை மீனை வாங்குபவர் தாம் இயற்கைக்கு உதவுவதாக நம்புவது புரிந்துகொள்ளக்கூடியதே. எனினும் அந்தப் பணம் காட்டோரத்தில் வாழும் ஒரு குடும்பத்தையும் சேர்வதில்லை. இதை எதிர்கொள்ளப் பிரேசில் 2014ஆம் ஆண்டில் ரியோ நீக்ரோவின் வண்ணமீன்களுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. நல்ல முயற்சி, ஆயினும் பல கைகள் மாறிக் கடைத்தொட்டிக்கு வந்து சேரும்போது எந்த மீன் எங்கே பிறந்தது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. கடைக்காரரிடம் மீனின் பிறப்பிடத்தைக் கேட்கும் பழக்கம் வளர்ந்தால்தான் அந்தக் குறியீட்டுக்குப் பொருள் உண்டாகும்.

பண்ணைகளைவிடப் பெரிய மாற்றம் இப்போது ஆற்றிலேயே நிகழ்கிறது. மனாஸ் துறைமுகத்தில் 1902ஆம் ஆண்டு முதல் நீர்மட்டம் பதிவாகி வருகிறது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது 30.02 மீட்டரைத் தொட்டு, அதுவரையில்லாத வெள்ளமாகப் பதிவாயிற்று. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் 12.70 மீட்டருக்கு இறங்கி, அதுவரையில்லாத வறட்சியாயிற்று. அடுத்த ஆண்டே அதையும் தாண்டி 12.11 மீட்டருக்குச் சரிந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட பதிவேட்டின் இரு முனைகளும் நான்கே ஆண்டுகளில் திருத்தி எழுதப்பட்டன.

வறட்சியோடு தீயும் வருகிறது. பல மாதங்கள் நீரில் நிற்கும் காடு எரியாது என்று தோன்றலாம். உண்மையில் இகாப்போவின் தரையில் நுண்வேர்களும் மக்காத சருகுகளும் தடித்த மெத்தையாகப் படிந்திருப்பதால், கடும் வறட்சியில் அது உள்ளூரக் கனன்று மரங்களை வேரோடு கொல்கிறது. பார்செலோஸை ஒட்டிய நடு ரியோ நீக்ரோவில் எரிந்த காடுகளை ஆராய்ந்தவர்கள், மீண்டும் மீண்டும் தீப்பட்ட இடங்களில் களிமண்ணும் சத்தும் அரித்துச் செல்லப்பட்டு, காடு வெண்மணல் புல்வெளியாக மாறுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இலை விழாத அந்த நிலத்தில் வெள்ளம் வந்தாலும் கார்டினலுக்கு உணவில்லை. ஓடைகளுக்குள் நாள்தோறும் சென்று வருபவர்கள்தாம் புகையை முதலில் காண்பவர்கள், தீ பரவினால் முதலில் இழப்பவர்களும் அவர்களே. பியாபெய்ரோக்கள் தொழிலைவிட்டு நகரத்துக்குப் போய்விட்ட ஓடையைக் கண்காணிக்க வேறு யாரும் இல்லை.

மடியப்போகும் மீன்களைத்தான் பிடிக்கிறோம் என்ற வாதமும் இந்த மாற்றத்தில் புதிதாகச் சோதிக்கப்பட வேண்டும். வழக்கமான வறட்சியில் எஞ்சும் மீன்கள் அடுத்த வெள்ளத்தை நிரப்பப் போதுமானவை. அசாதாரண வறட்சியில் எஞ்சுபவை மிகக் குறைவு, அவை ஒடுங்கியிருக்கும் ஆழமான ஓடைக் குட்டைகளிலோ பிடிப்பது மிக எளிது. அந்தச் சில வாரங்களில் பிடிக்கப்படும் மீன், மடியப்போகும் கோடியில் ஒன்றாக இராமல், அடுத்த தலைமுறையின் தாயாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே பிடிக்கும் பருவத்தையும் ஓய்வுப் பருவத்தையும் நாள்காட்டியின் தேதிகளைக் கொண்டு வகுப்பது இனிப் போதாது. ஆற்றின் அளவுகோல்களில் நீர் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் வலைகள் நிற்க வேண்டும், நீர் ஏறிக் குஞ்சுகள் காட்டுக்குள் பரவிய பிறகு மீண்டும் தொடங்க வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் பியாபெய்ரோ குடும்பங்களுக்கு ஈட்டுத்தொகை கிடைக்க வேண்டும். ஓடைகளை நன்கறிந்த அந்த மக்களையே நீர்மட்டத்தையும் மீன்களின் நிலையையும் பதிவுசெய்பவர்களாக்கினால், இதற்கென்று தனியாக ஒரு பெரிய அமைப்பை நிறுவ வேண்டிய தேவையும் எழாது.